துவைக்கக் கூடாத போர்வை

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனித குலத்தை நெடுங்காலமாக வாட்டி வரும் மாபெரும் கேள்வி ஒன்றுக்கு இங்கே விடை சொல்லப்பட இருக்கிறது. உலகம் எப்படித் தோன்றியது, உயிர் எங்கே போகிறது என்பன போன்ற சில்லறைச் சந்தேகங்களோடு வந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் துணியை எத்தனை நாளைக்கு ஒரு முறை துவைப்பது? கேள்வி இதுதான். இதற்காக ஒரு ராஜ்யம் ஒரு கோடைகாலம் முழுவதும் அல்லாடியது. மந்திரிகள் மெலிந்தார்கள். அதாவது, மெலிந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாருக்காவது மனம் புண்படக்கூடிய ஒரு நாட்டை சண்டப்பிரதாப பூபதி என்ற அரசர் ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் பிறந்த நாளிலிருந்து அவருக்கு மூக்கடைப்பு. ரோஜாவும் சரி, லாயத்துச் சாணமும் சரி, அவருக்கு ஒன்றுதான். நாற்பத்தைந்து வயது வரை மூக்கு அவருக்கு முகத்தில் ஓர் அலங்காரமாக மட்டுமே இருந்தது.

அந்த வருடம் பங்குனியில் மலைநாட்டு வைத்தியர் ஒருவர் வந்து மூக்கில் ஏதோ தைலத்தை விட்டார். அரசர் முந்நூறு தும்மல் தும்மினார். மூக்கு திறந்துகொண்டது. மறுநாள் காலை சபைக்கு வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர், முதல் முறையாக உலகத்தை முகர்ந்து பார்த்தார்.

"சபை நாறுகிறது" என்றார்.

அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பது அரசரைத் தவிர சபையில் எல்லோருக்கும் தெரியும். அவர் தோளிலிருந்து வந்தது.

அந்தத் தோளில் கிடந்தது வெற்றிப் போர்வை. அரசருடைய பாட்டனார் எதிரியை முறியடித்துத் திரும்பிய அன்று போர்த்தியிருந்தது. அதைப் போர்த்தியபடியேதான் அவர் முடிசூடினார். அவருக்குப் பிறகு அவர் மகன், அவருக்குப் பிறகு இவர் என்று சபைக்கு வரும்போதும், ஊர்வலம் போகும்போதும், யானை ஏறும்போதும் அதைத்தான் போர்த்தினார்கள். ஒரு நாள் கூட அது தண்ணீரைப் பார்த்ததில்லை. துவைத்தால் அதில் ஊறியிருக்கும் வெற்றி கரைந்து போய்விடும் என்பது நம்பிக்கை. நம்பிக்கை போதாதென்று அரசரின் தந்தை ஒரு சட்டமும் போட்டிருந்தார்: வெற்றிப் போர்வையை அழுக்கு என்று சொல்பவரின் நாக்கு அறுக்கப்படும்.

எனவே சபை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அரசர் நந்தவனத்துக்குப் போனார். அங்கும் நாறியது. யானை மீது ஏறினார். யானை நாறியது. கடைத்தெரு, கோயில் வீதி, குளக்கரை எல்லாம் நாறின. அரண்மனைக்குத் திரும்பி, போர்வையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்தார். படுக்கையறை மட்டும் நாறவில்லை. இதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அரசர்கள் இப்படித்தான் முடிவுக்கு வருவார்கள் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது.

"என் படுக்கையறையைத் தவிர நாடே நாறுகிறது" என்றார். "குடிமக்கள் துணி துவைப்பதே இல்லை போலிருக்கிறது. எத்தனை நாளைக்கு ஒரு முறை துவைக்க வேண்டும் என்று உடனே விதி எழுதுங்கள்."

விதி எழுத ஆசார மந்திரி அனந்தராயர் தலைமையில் பதினோரு பேர் கொண்ட சலவைக் கால நிர்ணய மகாசபை அமைந்தது. பதினோரு பேரில் ஒருவர் கூட வாழ்நாளில் ஒரு கோவணத்தைக் கூடக் கசக்கியதில்லை என்பதால் பாரபட்சத்துக்கு இடமில்லை. ஒன்பது நாள் கூடினார்கள். வேட்டிக்கு அழுக்கு வெளியிலிருந்து வருகிறதா, உடம்பிலிருந்து வருகிறதா என்பதிலேயே நான்கு நாள் போயிற்று. பத்தாம் நாள் அறுபத்து நான்கு விதிகள் வந்தன. சுருக்கம் இதுதான்: எல்லா வீட்டிலும், உடுத்திய எல்லாத் துணியும், தினமும் துவைக்கப்பட வேண்டும். அறுபத்து மூன்றாம் விதியை மட்டும் அனந்தராயர் தம் கைப்பட, அரசர் மனம் குளிரும்படி எழுதினார்: 'ஐயம் எழுமிடத்து அரண்மனை வழக்கமே குடிகளின் வழக்கம் எனக் கொள்க.'

ஊர் துவைத்தது. சித்திரை வெயிலில் குளம் ஒவ்வொரு படியாக இறங்கியது. உப்புமூட்டை போல அழுக்குமூட்டைகள் சலவைத் துறைக்கு வந்து குவிந்தன. இருபது நாள் கழித்து அரசர் யானை மீது ஊர்வலம் போனார். போன இடமெல்லாம் முன்போலவே நாறியது.

"விதியில் பிழை இருக்க வாய்ப்பில்லை" என்றார் அனந்தராயர். "துவைப்பதில்தான் பிழை. அரண்மனைத் துறையில் இருக்கும் பூவாயி என்பவள் சரியாக வெளுப்பதில்லை, பிரபு."

"வரும் வெள்ளிக்கிழமை பேரவை கூடும்போதும் இப்படியே நாறினால், அவளும் அவள் கூட்டமும் துறையைக் காலி செய்துவிட்டுப் போகட்டும்" என்றார் அரசர்.

அரசவையில் கடம்பவனம் என்று ஒரு விகடன் இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். மந்திரிகளைப் பார்த்து அவன் சிரித்துக்கொள்வது உத்தியோகத்தில் சேராது, அதைச் சம்பளமில்லாமல் செய்துவந்தான். மறுநாள் காலை அவன் வேட்டி வாங்கத் துறைக்குப் போனபோது, பூவாயி கல்லில் துணியை அடிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

"என்ன பூவாயி, கை ஓய்ஞ்சு போச்சா?"

"ஓயாம என்ன பண்ணும் ஐயா? ஒரு நாளைக்கு நூத்தம்பது வேட்டி. ராயரு வீட்டுது மட்டும் இருவது. காலையில கட்டுவாராம், வேர்க்கறதுக்கு முந்தியே அவுத்துப் போட்டுருவாராம். மடிப்புக் கூடக் கலையல. அதைப் போய் நான் என்னத்தைத் துவைக்கிறது?"

"துவைக்காமலே மடிச்சுக் கொடுத்துட வேண்டியதுதானே?"

"ரெண்டு தரம் கொடுத்துட்டேன். இந்தத் தடவைதான் வெளுப்பு பிரமாதம்னு சொல்லி விட்டாரு."

கடம்பவனம் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அழுக்கெடுக்கும் உவர்மண்ணில் வெடித்த உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமையோட போகணுமாம். ஏழு குடும்பம் ஐயா. வேற ஊருக்குப் போனா அங்கேயும் துறை இருக்கும். எங்களுக்கு அதுல இடம் இருக்காது."

"நாத்தம் எங்கேருந்து வருதுன்னு உனக்குத் தெரியுமா?"

"துணியத் தொட்டே பொழைக்கிறவ. தெரியாதா?"

"எங்கேருந்து?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"எனக்கு இந்த நாக்கை விட்டா வேற தொழில் இல்லையே பூவாயி."

"எனக்கு மட்டும் நாக்கு வேண்டாமா? அது இல்லாம எங்க வீட்டு ஆம்பளையோட எப்படிக் குடித்தனம் பண்றது?" என்றாள் அவள். தூரத்தில் அவள் புருஷன் ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்தான். காதில் விழாதது போல இருந்தான். பழகியவன்.

கடம்பவனம் அன்று வேட்டியை வாங்காமலேயே சபைக்குப் போய்விட்டான்.

சபையில் அவன் பூவாயிக்காகப் பேச வாயைத் திறந்ததும் அனந்தராயரின் முகம் மலர்ந்தது. அரசருக்குப் பக்கத்தில் அவன் நிற்கும் இடம் ராயரின் கண்ணை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"பிரபு, கடம்பவனம் சகலமும் அறிந்தவர்" என்றார். "துறையில் குற்றமில்லை என்று அவர் சொன்னால், நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். பேரவையில், எல்லோர் முன்னிலையிலும், அவரே அதைச் சொல்லட்டும்."

சேனாபதி இருமினார். மற்றவர்கள் கடம்பவனத்தின் வாயைப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் பொருளுக்கு ஆயுள் எத்தனை நாள் என்று கணக்குப் போடுவது போல இருந்தது அந்தப் பார்வை. சொன்னால் நாக்கு போகும். சொல்லாவிட்டால் ஏழு குடும்பம் போகும்.

"நியாயம்தான்" என்றார் அரசர். "கடம்பா, வெள்ளிக்கிழமை சொல்."

"உத்தரவு, மகாராஜா. அதுவரை ராயர் எழுதிய விதிகளின்படி ஊர் நடக்கலாம் அல்லவா?"

"ஒன்றுவிடாமல் நடக்க வேண்டும்."

"அறுபத்து மூன்றாவது உட்பட?"

"அதுதான் அத்தனையிலும் சிறந்தது" என்று அனந்தராயரே முந்திக்கொண்டு சொன்னார்.

கடம்பவனம் ஊருக்குள் இறங்கினான். முதலில் மல்லர் கூடத்துக்குப் போனான். அங்கே காங்கேயன் என்ற மல்லன், பொங்கலிலிருந்து பதினான்கு குஸ்தி தோற்காதவன், ஒரே கச்சையைக் கட்டிக்கொண்டிருந்தான். பொங்கலிலிருந்து அதைத் துவைக்கவும் இல்லை. சட்டத்துக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்தான்.

"ஏன்யா ஒளியறே? அரண்மனையில வெற்றி பெற்ற துணியைத் துவைக்கிறது வழக்கமா?"

"இல்லீங்க."

"அரண்மனை வழக்கமே உன் வழக்கம். அறுபத்து மூணாம் விதி. வெள்ளிக்கிழமை சபைக்கு இதையே கட்டிக்கிட்டு வா. முன்வரிசை."

அப்புறம் மீன்கடைக்குப் போனான். முந்தின மாசிமகத்தில் ஆள் உயரச் சுறாவை ஒற்றை ஆளாகக் கரையிலிருந்து சந்தைக்கு இழுத்து வந்தவள் என்று பேர் வாங்கிய அஞ்சலாட்சி அங்கே இருந்தாள். அன்று கட்டியிருந்த சேலையை அவள் வேலைக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள். செக்காட்டும் மருதையா ஒரே பகலில் எட்டு மரக்கால் எள்ளை ஆட்டியபோது உடுத்திய துண்டை வைத்திருந்தார். எருமைப் பந்தயத்தில் சேற்றோடு சேறாக முதலில் வந்த வீரப்பெருமாளுக்கு ஒரு வேட்டி இருந்தது. நால்வரிடமும் கடம்பவனம் ஒன்றே சொன்னான்: வெற்றியைத் துவைக்காதே, போர்த்திக்கொண்டு வா. வருவதற்குள் வெயிலில் ஆறு நாள் அதையே உடுத்தியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பேரவை கூடியது. அரசர் வெற்றிப் போர்வையோடு வந்து அமர்ந்தார். கடம்பவனம் நால்வரையும் அழைத்து வந்து, சிம்மாசனத்துக்கு எதிரே, அனந்தராயருக்கு இரண்டு பக்கத்திலும் இருவர் இருவராக உட்கார வைத்தான்.

சிறிது நேரம் யாரும் மூச்சு விடவில்லை. விட்டவர்கள் வருந்தினார்கள். அனந்தராயர் உத்தரீயத்தால் வாயைப் பொத்தினார், பிறகு மூக்கை, பிறகு இரண்டையும். அரசரின் புதிய மூக்குக்கு இது தாளவில்லை.

"யார் இவர்கள்? ஏன் இந்தக் கோலத்தில் வந்திருக்கிறார்கள்?"

"வெற்றி பெற்றவர்கள், மகாராஜா" என்றான் கடம்பவனம். "வெற்றி பெற்ற துணியோடு வந்திருக்கிறார்கள்."

அரசர் மல்லனைப் பார்த்தார். "கச்சையைத் துவைத்து எத்தனை நாளாயிற்று?"

"பொங்கலுக்கு அப்புறம் துவைக்கலீங்க மகாராஜா."

"ஏன்?"

"துவைச்சா ஜெயிச்சது போயிருமுங்க. அடுத்த குஸ்தியில விழுந்துட்டா என்ன பண்றது?"

"நீ ஜெயித்தது தோளாலா, கச்சையாலா?"

காங்கேயன் தன் தோளைப் பார்த்தான். கச்சையைப் பார்த்தான். "தோளாலதாங்க" என்றான். "ஆனா பயமா இருக்குதுங்க."

அரசர் குரல் தணிந்தது. பயந்த மனிதனிடம் அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். "இதோ பார். துணியில் வேர்வை சேரும், சேறு சேரும். வெற்றி சேராது. அப்படிச் சேருமானால் கடையிலேயே வாங்கிவிடலாமே. உன் கச்சையைத் தண்ணீரில் போட்டால் போவது அழுக்கு மட்டும்தான். நீ போகமாட்டாய். போய்த் துவை."

"இவருக்கு மட்டுமா மகாராஜா?" என்று அஞ்சலாட்சி கேட்டாள். "எங்களுக்கும் சேர்த்துங்களா?"

"எல்லோருக்கும்தான் அம்மா. யாருடைய வெற்றியும் துணியில் இல்லை."

கடம்பவனம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சபை, முதல் முறையாக, ஒரு சேர, அரசரின் தோளைப் பார்த்தது.

அரசரும் அந்தத் திசையில் பார்த்தார். மெதுவாகத் தலையைச் சாய்த்து, போர்வையின் ஓரத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று அனந்தராயர் காத்திருந்தார். வரவில்லை. வந்தது மல்லன் முகத்தில் இருந்த அதே பயம்.

"கடம்பா" என்றார் கடைசியில். "நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று நீ இன்று சொல்ல வேண்டும் அல்லவா?"

"ஆம், மகாராஜா. ஆனால் தாங்களே கண்டுபிடித்துவிட்ட பிறகு நான் சொல்வது மரியாதை ஆகாது."

"என் தந்தையார் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது."

"இருக்கிறது. போர்வையைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால்தான் அது செல்லும். இங்கே கச்சையைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. பேசியதும் தாங்கள்தான்."

அரசர் எழுந்தார். போர்வையைக் கழற்றி, தாமே மடித்து, தாமே கையில் எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தார். பல்லக்கு பின்னால் காலியாக வந்தது, அதன் பின்னால் சபை வந்தது.

பூவாயி போர்வையைக் கையில் வாங்கி விரித்தாள். "எத்தனை நாளாச்சு மகாராஜா?"

"அறுபத்தெட்டு வருடம்."

"அப்ப கொஞ்சம் ஊறணும்" என்றாள்.

உவர்மண் கரைசலில் ஊறியது. பிறகு வெள்ளாவிப் பானையில் ஏறி ஆவியில் வெந்தது. கல்லில் அடி வாங்கியது. பொழுது சாய்கிற வரை அரசர் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தொட்டித் தண்ணீர் கறுப்பாக வந்தது. இரண்டாவது, துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் வந்தது. பழைய ரத்தம் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது தொட்டித் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"போய்விட்டதா?" என்று கேட்டார்.

"அழுக்கு போயிருச்சு மகாராஜா. மத்தது எனக்குத் தெரியாது."

போர்வையைப் பிழிந்து உதறினாள். இத்தனை காலம் கருஞ்சிவப்புப் பட்டு என்று எல்லோரும் நம்பியிருந்தது, வெளுத்த பருத்தித் துணியாக மாலை வெயிலில் விரிந்தது. உதறியவள் ஓரத்தைப் பார்த்தாள். கை நின்றுவிட்டது.

"என்ன அது?" என்றார் அரசர். ஓரத்தில் ஒரு கோடும் இரண்டு புள்ளியும் கறுப்பாகத் தெரிந்தன.

"குறி, மகாராஜா. வீட்டுக்கு ஒண்ணு வைப்போம், துணி மாறிப் போயிரக் கூடாதுன்னு. சேங்கொட்டைப் பால்ல வைக்கிறது. துணி கிழிஞ்சாலும் அது போகாது."

"இது எந்த வீட்டுக் குறி?"

பூவாயி கடம்பவனத்தைப் பார்த்தாள். அவன் மரத்தில் இருந்த காக்கையை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"அரமனைக் குறிதான்" என்றாள். "மடப்பள்ளி. சோறு வடிக்கிற துணி."

அரசர் அந்த ஈரத்துணியை மடியில் போட்டுக்கொண்டார்.

"பாட்டனார் அன்று பின்வாசல் வழியாகத்தான் கோட்டைக்குள் வந்தாராம்" என்றார் யாரிடமோ சொல்வது போல. "உடம்பெல்லாம் காயம். நிற்க முடியாமல் நடுங்கினாராம். பின்வாசலை ஒட்டித்தானே மடப்பள்ளி? யாரோ ஒருத்தி சோற்றைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போர்த்தியிருக்கிறாள். வெற்றித் தெய்வமான விஜயலட்சுமி தன் சேலையைப் போர்த்தினாள் என்று எத்தனை புலவர் பாடியிருக்கிறார்கள். அந்த மடப்பள்ளிக்காரியின் பேரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை."

சொல்லி முடித்ததும் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று அனந்தராயர் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரசர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் எனக்குப் பசி எடுக்கும், கடம்பா. மூக்கு அடைத்துக் கிடந்தபோது கூட, இருபது வருடமாக எடுக்கிறது. அது ராஜ பாரத்தினால் என்று ராயர் சொல்லியிருந்தார்."

சிரிப்பு அடங்கியதும் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விகடனிடம் நீட்டினார். கடம்பவனம் அதை முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டான். அரசர் மறுபடி சிரித்தார். பூவாயியும் அவள் கூட்டமும் தலைமுறைக்கும் அந்தத் துறையில் இருக்கலாம் என்று அங்கேயே உத்தரவாயிற்று. நாக்குச் சட்டம் ரத்தாயிற்று. போர்வை துவைத்த போர்வையாகவே மறுநாள் சபைக்குப் போனது. எல்லைப்புறத்தில் எதிரி யாரும் இதைக் கேள்விப்பட்டுப் படையெடுத்து வரவில்லை.

புறப்படும்போது அரசர் நின்று கேட்டார். "பூவாயி, வீட்டில் துணியை எத்தனை நாளைக்கு ஒரு முறைதான் துவைக்க வேண்டும்?"

"உடம்போட ஒட்டுறதை அன்னன்னைக்குக் கசக்கிரணும் மகாராஜா. மேல போடுறது ரெண்டு மூணு நாள் தாங்கும். போர்த்துறது, விரிக்கிறது எல்லாம் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா. வேர்த்துச்சுன்னா நாள் பாக்கக் கூடாது. தண்ணி கொறைஞ்ச மாசத்துல கொஞ்சம் பொறுத்துக்கலாம். இதுக்கு மேல என்ன இருக்கு? மோந்து பாத்தாத் தெரியுது."

இது கல்லில் பொறிக்கப்பட வேண்டிய வாக்கு என்று அரசர் சொன்னார். பொறிக்கும் பொறுப்பு அனந்தராயரிடம் போயிற்று. பூவாயி சொன்னதில் போதிய கம்பீரம் இல்லை என்று அவர் மங்கல வாழ்த்து, அரச பரம்பரை, தம் பெயர், தம் தகப்பனார் பெயர் எல்லாம் சேர்த்து நாற்பது வரியாக்கினார். ஏழடி நீளம், நான்கடி அகலம், நல்ல வழவழப்பான கருங்கல். மேளதாளத்தோடு துறையில் நட்டார்கள்.

அடுத்த மழையில் அது சாய்ந்தது. இப்போது அதன் மேல்தான் துணி துவைக்கிறார்கள்.